சம்மர்டன்: ஒரு பஸ் கேட்ட ஊரின் பள்ளி வரலாறு

நெடுவழி எழுதியது | சனி, இரவு 10:12

நண்பர்களே,

வேலைக்காகத் தென் கரோலினாவுக்கு வந்து பதினோரு ஆண்டுகள் ஆகின்றன. சம்மர்டன் என்ற பெயரை இத்தனை நாளும் நெடுஞ்சாலைப் பலகையில் பார்த்தபடியே கடந்து போயிருக்கிறேன். இன்றுதான் வண்டியைத் திருப்பி ஊருக்குள் போனேன். ஐ-95 சாலையில் மேரியன் ஏரியின் நீண்ட பாலத்தைத் தாண்டி வடக்கே சற்றுத் தூரம் வந்தால் ஊர் வந்துவிடும். ஆயிரம் பேருக்கும் குறைவாக வாழும் ஊர். சுற்றிலும் வயல், இடையிடையே பைன் மரக்காடு. கிளாரெண்டன் கவுண்டியைச் சேர்ந்தது. கவுண்டி என்பது மாநிலத்தின் உட்பிரிவு, நம் ஊர் மாவட்டம் போல.

பள்ளிகளில் இனப் பிரிவினை செல்லாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1954 மே 17 அன்று தீர்ப்பளித்ததைப் பலரும் அறிவீர்கள். பிரவுன் வழக்கு என்று பாடநூலில் படித்திருப்போம். பிரவுன் குடும்பம் கன்சாஸ் மாநிலத்தின் டொபீகா நகரில் இருந்தது. அந்தத் தீர்ப்புக்குள் வெவ்வேறு ஊர்களிலிருந்து வந்த வழக்குகள் சேர்ந்திருக்கின்றன. அவற்றில் உச்ச நீதிமன்றத்தின் படியை முதலில் மிதித்தது சம்மர்டன் பள்ளி மாவட்டத்தின் வழக்கு. அது தொடங்கியது ஒரு பஸ்ஸில்.

1947-இல் கிளாரெண்டன் கவுண்டியில் வெள்ளையர் குழந்தைகளைப் பள்ளிக்கு ஏற்றிச் செல்ல 30 பஸ்கள் ஓடின. கறுப்பினக் குழந்தைகளுக்கு ஒன்றுகூட இல்லை. டேவிஸ் ஸ்டேஷன், ஜோர்டன் பகுதிப் பிள்ளைகளில் சிலர் சம்மர்டனில் இருந்த ஸ்காட்ஸ் பிராஞ்ச் பள்ளிக்கு ஒன்பது மைல்வரை நடந்தார்கள். போக ஒன்பது, வர ஒன்பது. நாற்பதுகளின் தொடக்கத்தில் சாண்டீ ஆற்றில் அணை கட்டி மேரியன் ஏரியை உண்டாக்கினார்கள். அதன் நீர் தாழ்வான பாதைகளில் ஏறிவிடும் நாட்களில் பிள்ளைகள் படகு வலித்துப் பள்ளிக்குப் போனார்கள்.

பெற்றோர் தங்களுக்குள் பணம் திரட்டிப் பழைய பஸ் ஒன்றை வாங்கினார்கள். அது ஓடிய நாளைவிடப் பழுதாகி நின்ற நாள் அதிகம். அரசு புது பஸ் தராவிட்டாலும் பெட்ரோல் செலவையாவது தரட்டும் என்று கேட்டுப் பார்த்தார்கள். வரியில் பெரும்பகுதியைக் கட்டுவது வெள்ளையர்கள், உங்கள் பிள்ளைகளுக்கு பஸ் வாங்கப் பணம் கிடையாது என்று பதில் வந்தது. அப்படிச் சொன்னவர் பள்ளி அறங்காவலர் குழுவின் தலைவர் ஆர். டபிள்யூ. எலியட். மரம் அறுக்கும் ஆலை வைத்திருந்தவர். பின்னால் வழக்கின் பெயரில் எதிராளியாக நின்றது அவர் பெயர்தான்: பிரிக்ஸ் எதிர் எலியட்.

பெற்றோரை ஒன்றுதிரட்டியவர் ஜோசப் டிலெய்ன். ஆப்பிரிக்க மெதடிஸ்ட் திருச்சபையின் போதகர், பள்ளி ஆசிரியரும்கூட. 1947 ஜூனில் மாநிலத் தலைநகரான கொலம்பியாவின் ஆலன் பல்கலைக்கழகத்தில் கோடை வகுப்புக்குப் போயிருந்தார். அங்கே பேச வந்த, கறுப்பின மக்களின் உரிமைக்காகப் போராடும் என்.ஏ.ஏ.சி.பி. அமைப்பின் மாநிலத் தலைவர் ஜேம்ஸ் ஹின்டன், பஸ்ஸுக்காக வழக்குப் போடும் துணிச்சல் இந்த மாநிலத்தில் எந்த ஆசிரியருக்கும் போதகருக்கும் இல்லை என்று மேடையிலேயே குறைபட்டார். அந்த வார்த்தை டிலெய்னைத் தைத்தது. ஊர் திரும்பியவர் லீவை பியர்சன் என்ற விவசாயியைப் போய்ப் பார்த்தார். சொந்த நிலம் உள்ளவர், பள்ளி செல்லும் பிள்ளைகளின் தகப்பன். 1947 ஜூலை 28 அன்று பியர்சன் மனுவில் கையெழுத்திட்டார்.

சம்மர்டனில் வெள்ளை மாணவர்களுக்காக 1936-இல் கட்டிய உயர்நிலைப் பள்ளியின் செங்கல் கட்டடம் இன்னும் நிற்கிறது. அதன் எதிரே வண்டியை நிறுத்திவிட்டு நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன். விடுமுறை நாள், ஒருவரும் இல்லை. இந்தக் கட்டடத்துக்குள் நுழைய ஒரு ஊரே என்னவெல்லாம் கொடுத்தது என்று நினைக்க நினைக்க நெஞ்சு கனத்தது. மீதியை நாளை எழுதுகிறேன். தெரிந்தவர்கள் சேர்ந்து எழுதுங்கள்.

—

மணிமொழி எழுதியது | ஞாயிறு, காலை 7:30

நெடுவழி அண்ணா, ஒரு சந்தேகம். பள்ளி மாவட்டம் என்கிறீர்கள். நம் ஊரில் மாவட்டக் கல்வி அலுவலரின் கீழ் வருகிற கல்வி மாவட்டம் போன்றதா? ஆயிரம் பேர் உள்ள ஊருக்கு எப்படித் தனி மாவட்டம்?

—

நெடுவழி எழுதியது | ஞாயிறு, காலை 8:05

நல்ல கேள்வி. நம் கல்வி மாவட்டம் அரசுத் துறையின் நிர்வாகப் பிரிவு. அதிகாரி மாறுவார், சம்பளம் கருவூலத்திலிருந்து வரும். இங்கே பள்ளி மாவட்டம் என்பது தனி உள்ளாட்சி அமைப்பு. தனி எல்லை, தனிக் குழு, தனி வரவு செலவு எல்லாம் உண்டு. அந்த எல்லைக்குள் இருக்கும் நிலத்துக்கும் வீட்டுக்கும் போடும் வரியிலிருந்து பள்ளிக்குப் பணம் போகிறது. ஆகவே கோடு எங்கே விழுகிறது என்பதைப் பொறுத்துப் பள்ளியின் நிலை மாறும்.

1951-க்கு முன் தென் கரோலினா மாநிலத்தில் மட்டும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பள்ளி மாவட்டங்கள் இருந்தன. பல மாவட்டங்களில் பெயர் சொல்ல ஒன்றிரண்டு பள்ளிகள்தான். சம்மர்டன் அப்போது 22-ஆம் எண் மாவட்டம்.

—

சட்டநூல் எழுதியது | ஞாயிறு, காலை 11:48

கோடு என்று நெடுவழி சொன்னதை விட்டுவிடக் கூடாது. பியர்சனின் முதல் வழக்கு செத்தது அந்தக் கோட்டில்தான்.

1948-இல் ஹெரால்டு போல்வேர் என்ற கறுப்பின வழக்கறிஞர் பியர்சனுக்காக வழக்குத் தொடுத்தார். விசாரணைக்கு முன்பே தள்ளுபடியாகிவிட்டது. பியர்சனின் நிலம் மாவட்ட எல்லையை ஒட்டிக் கிடந்தது. அவர் வரி கட்டியது 5-ஆம் எண் மாவட்டத்துக்கு. பிள்ளைகள் படித்ததோ 26-ஆம் எண், 22-ஆம் எண் மாவட்டப் பள்ளிகளில். வரி கட்டாத மாவட்டத்தின் மீது வழக்குப் போட உமக்கு உரிமை இல்லை என்று வாயை அடைத்தார்கள். எத்தனை நாள் யோசித்துக் கையெழுத்துப் போட்டிருப்பார் அந்த மனிதர்!

வழக்கு போனது, தண்டனை மட்டும் தங்கியது. அவருக்கு விதைக்கும் உரத்துக்கும் கடன் கொடுக்கும் கதவெல்லாம் அடைபட்டது. கடனை ஈடுகட்டச் சொந்தக் காட்டு மரத்தை வெட்டினார். ஏற்றிப்போக வந்த ஆள், மரம் யாருடையது என்று தெரிந்ததும் திரும்பிப் போய்விட்டார். வெட்டிய மரம் கிடந்து மக்கியது. அறுவடை இயந்திரம் இரவல் கொடுக்க எந்த வெள்ளை விவசாயியும் முன்வராததால் விளைந்தது வயலிலேயே வீணானது. இத்தனைக்கும் அவர் கேட்டது ஒரு பஸ்.

1949 மார்ச்சில் கொலம்பியாவில் ஒரு கூட்டம் நடந்தது. பின்னாளில் உச்ச நீதிமன்ற நீதிபதியான தர்குட் மார்ஷல் அப்போது என்.ஏ.ஏ.சி.பி. வழக்கறிஞர். ஒற்றை ஆளை வைத்து வழக்கு நடத்தினால் மறுபடி இதே கதிதான், ஒரே மாவட்டத்தில் இருபது மனுதாரர்களைக் கொண்டு வாருங்கள், பஸ்ஸோடு நிற்காமல் எல்லாவற்றிலும் சமத்துவம் கேட்போம் என்றார். இருபது பேரைச் சேர்க்க டிலெய்னுக்கு எட்டு மாதம் பிடித்தது. 1949 நவம்பர் 11 அன்று மனு தயாரானபோது பெற்றோரும் பிள்ளைகளுமாக நூற்றுக்கு மேல் பெயர்கள் இருந்தன. மேலே இருந்த பெயர் ஹாரி பிரிக்ஸ். கடற்படையில் பணியாற்றித் திரும்பி, பெட்ரோல் நிலையத்தில் வேலை செய்துகொண்டிருந்தவர். அவர் வீட்டில் வைத்துத்தான் பலரும் கையெழுத்திட்டார்கள்.

—

தாமரைக்குளம் எழுதியது | ஞாயிறு, மாலை 4:20

முப்பத்திரண்டு ஆண்டுகள் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். இந்த இழையைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை.

கையெழுத்துப் போட்டவர்களுக்கு என்ன ஆயிற்று என்பதையும் பிள்ளைகள் படிக்கும்படி எழுதுங்கள். ஹாரி பிரிக்ஸை வேலையிலிருந்து நீக்கிய நாள் 1949 கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள். முதலாளி அவர் கையில் ஒரு பெட்டி சிகரெட்டைக் கொடுத்துவிட்டு, பிறகு வேலை இல்லை என்று சொன்னாராம். பண்டிகைப் பரிசைக் கையில் வாங்கிக்கொண்டு, வேலை இல்லாமல் வீட்டுக்குள் நுழைந்திருக்கிறார் நான்கைந்து பிள்ளைகளின் தகப்பன். அவர் மனைவி எலைசா பிரிக்ஸ் ஒரு விடுதியில் அறை துப்புரவு செய்துவந்தார். கணவரின் பெயரை மனுவிலிருந்து எடுக்கச் சொல் என்று அவரிடம் சொல்லிப் பார்த்தார்கள். அவர் மறுத்தார், அந்த வேலையும் போயிற்று.

ஆனி கிப்சன் குடும்பம் தலைமுறையாக வாரத்துக்கு உழுத நிலத்திலிருந்து வெளியேற்றப்பட்டது. வில்லி ஸ்டூக்ஸ் என்ற மெக்கானிக்கை வேலையிலிருந்து எடுத்தார்கள். அவர் வீட்டு முற்றத்தில் கார் பழுதுபார்த்துப் பிழைக்கத் தொடங்கினார். பட்டறையில் இருக்கும் தூக்கும் வசதி முற்றத்தில் ஏது? தூக்கி நிறுத்திய கார் மேலே விழுந்து இறந்துபோனார். அவரைக் கொன்றது கார் என்று நான் சொல்லமாட்டேன்.

டிலெய்ன் ஐயாவும் அவர் மனைவியும் ஆசிரியர் வேலையை இழந்தார்கள். 1951 அக்டோபரில் சம்மர்டனில் அவர்களுடைய வீடு எரிந்தது. தீயணைப்பு வண்டியோடு வந்தவர்கள், வீடு ஊர் எல்லைக்கு வெளியே இருக்கிறது என்று சொல்லி எரிவதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். இங்கேயும் ஒரு கோடு!

—

குணா எழுதியது | ஞாயிறு, இரவு 9:02

எல்லோருக்கும் வணக்கம். இந்தத் தியாகத்தைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனம் இல்லை. ஆனாலும் கேட்கவேண்டிய ஒன்றைக் கேட்கிறேன். அவர்கள் முதலில் கேட்டது பஸ், நல்ல கட்டடம், சமமான நிதி. நீதிமன்றத்தில் அது ஒட்டுமொத்தப் பிரிவினை எதிர்ப்பாக மாறிவிட்டது. பஸ் கேட்ட பெற்றோரின் வழக்கை வழக்கறிஞர்கள் தங்கள் பெரிய கனவுக்கு எடுத்துக்கொண்டார்களா? சமமான நிதியோடு நின்றிருந்தால் சம்மர்டன் பிள்ளைகளுக்கு அன்றைக்கே பயன் கிடைத்திருக்காதா?

—

சட்டநூல் எழுதியது | ஞாயிறு, இரவு 11:15

குணா, இதை அன்றே பலர் கேட்டார்கள். பதிலைச் சற்று விரித்துச் சொல்கிறேன்.

முதலில் கணக்கு. 1949-50 கல்வியாண்டில் கிளாரெண்டன் கவுண்டியில் கறுப்பின மாணவர்கள் 6,531 பேர். அவர்களுக்கு 61 பள்ளிகள், மொத்த மதிப்பு 1,94,575 டாலர். வெள்ளை மாணவர்கள் 2,375 பேர். அவர்களுக்கு 12 பள்ளிகள், மதிப்பு 6,73,850 டாலர். ஆண்டுக்கு ஒரு வெள்ளைக் குழந்தைக்குச் செலவிட்டது 179 டாலர், கறுப்பினக் குழந்தைக்கு 43. இந்த இடைவெளியை உண்டாக்கியவர்களே அதை மூடுவார்கள் என்று நம்பச் சொல்கிறீர்களா?

வழக்கைத் திருப்பியது வழக்கறிஞர் அல்லர், நீதிபதி. மார்ஷல் 1950-இல் போட்டது சமவசதி கேட்கும் வழக்குதான். அவர் எச்சரிக்கையானவர். அந்த நவம்பரில், முன்விசாரணையின்போது நீதிபதி வெய்ட்டீஸ் வேரிங், பிரிவினைச் சட்டத்தையே நேரடியாக எதிர்த்துப் புதிதாக மனுப் போடுங்கள் என்று தூண்டினார். சார்ல்ஸ்டன் நகரின் பழைய வெள்ளைக் குடும்பம் ஒன்றில் பிறந்தவர் இப்படிச் சொன்னார் என்பதை இன்று படித்தாலும் வியப்பாக இருக்கிறது. அப்படி மாற்றினால் மூன்று நீதிபதிகள் அமர்வுக்குப் போகும், தோற்றால் நேராக உச்ச நீதிமன்றம். மாற்றத்துக்கு சம்மர்டன் பெற்றோரின் சம்மதத்தைக் கேட்டார்கள், அவர்கள் தந்தார்கள். அதற்குள் வேலை, நிலம், கடன் எல்லாவற்றையும் இழந்திருந்தவர்களுக்கு எது பெரியது எது சிறியது என்று நன்றாகவே தெரிந்திருந்தது. அவர்கள் கையிலிருந்து யாரும் எதையும் பிடுங்கவில்லை.

1951 மே 28 அன்று சார்ல்ஸ்டனில் விசாரணை. கிளாரெண்டன் மக்கள் விடியும் முன்பே கிளம்பி வந்து வராந்தாவிலும் படிகளிலும் நின்றார்கள். விசாரணை தொடங்கியதும் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் ராபர்ட் ஃபிக் எழுந்து, வசதிகள் சமமாக இல்லை என்று ஒப்புக்கொண்டுவிட்டார். அவகாசம் கொடுங்கள், சரிசெய்கிறோம் என்றார். குணா கேட்கிற அதே தீர்வு! பிரிவினையைக் காப்பாற்றத்தான் அதை நீட்டினார்கள். ஆளுநர் ஜேம்ஸ் பர்ன்ஸ் அதற்காகவே 3 சதவீத விற்பனை வரி போட்டு, 7.5 கோடி டாலர் கடன் பத்திரத் திட்டத்தையும் கொண்டுவந்திருந்தார். பர்ன்ஸ் ஒருகாலத்தில் உச்ச நீதிமன்ற நீதிபதியாக இருந்தவர். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று அவருக்குத் தெரியும்.

இரண்டுக்கு ஒன்று என்று தீர்ப்பு வந்தது. நீதிபதிகள் பார்க்கர், டிம்மர்மன் இருவரும் பிரிவினை செல்லும், வசதியை மட்டும் சமமாக்குங்கள் என்றார்கள். வேரிங் தனித்து எழுதினார்: பிரித்து வைப்பதே சமமின்மை. மூன்றாண்டு கழித்து உச்ச நீதிமன்றம் ஒன்பது நீதிபதிகளோடு வந்து சேர்ந்த இடம் அதுதான்.

—

மணிமொழி எழுதியது | திங்கள், காலை 6:50

அப்படியானால் ஏன் பிரிக்ஸ் வழக்கு என்று பெயர் வரவில்லை?

—

சட்டநூல் எழுதியது | திங்கள், காலை 7:15

1952 தொடக்கத்தில், சமமாக்கும் வேலை எதுவரை வந்திருக்கிறது என்று பார்க்க உச்ச நீதிமன்றம் பிரிக்ஸ் வழக்கைக் கீழே திருப்பி அனுப்பியது. அது மறுபடி மேலே வருவதற்குள் டொபீகா வழக்கு முன்னால் போய் நின்றுவிட்டது. தென் மாநிலம் ஒன்றின் பெயர் தலைப்பில் இல்லாமல் போனது நல்லதாயிற்று, இது தெற்கத்திய விவகாரம் மட்டுமே என்ற எண்ணம் வராது என்று நீதிபதி டாம் கிளார்க் பின்னாளில் குறிப்பிட்டார். அவர்களுக்கு நல்லதாக இருக்கலாம். ஹாரி பிரிக்ஸுக்கு நியாயம் இல்லை.

—

தாமரைக்குளம் எழுதியது | திங்கள், காலை 10:30

பொம்மைச் சோதனையை யாரும் சொல்லவில்லை. உளவியலாளர் கென்னத் கிளார்க் விசாரணைக்கு முன் கிளாரெண்டன் போனார். ஆறு வயது முதல் ஒன்பது வயதுவரை உள்ள 16 கறுப்பினக் குழந்தைகளிடம் இரண்டு பொம்மைகளைக் காட்டினார். அச்சு அசல் ஒன்றுபோல இருக்கும், நிறம் மட்டும் வேறு. எது பிடிக்கும் என்று கேட்டதற்கு 10 பேர் வெள்ளைப் பொம்மையைத் தொட்டார்கள். எது கெட்ட பொம்மை என்றதற்கு 11 பேர் பழுப்புப் பொம்மையைக் காட்டினார்கள். எல்லாம் முடிந்தபின் கடைசியாக, உன்னைப் போல இருப்பது எது என்ற கேள்வி.

அந்தக் கடைசிக் கேள்வியில் அந்தப் பிள்ளையின் கை எங்கே போகும், கண் எங்கே போகும் என்று எனக்குத் தெரியும். வகுப்பில் அந்த முகத்தைப் பார்த்திருக்கிறேன். பதினாறு பேரை வைத்து என்ன முடிவுக்கு வர முடியும் என்று அறிஞர்கள் கேட்கலாம், கேட்கட்டும். குணா தம்பி, புதுக் கட்டடம் கட்டிக் கொடுத்தால் அந்தக் கை வேறு பொம்மைக்குப் போயிருக்குமா? இதைத்தான் நான் உங்களிடம் கேட்கிறேன்.

—

குணா எழுதியது | திங்கள், பிற்பகல் 1:40

டீச்சர், அந்த இடத்தில் என் வாதம் நிற்காது. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் என் கேள்வியின் மறுபாதி அப்படியே இருக்கிறது: தீர்ப்புக்குப் பிறகு சம்மர்டனில் என்ன மாறியது?

—

நெடுவழி எழுதியது | திங்கள், இரவு 9:30

இதை எழுதுவது கடினமாக இருக்கிறது. நீண்ட காலம் ஒன்றுமே மாறவில்லை.

பர்ன்ஸ் திட்டத்தில் 1951-க்குப் பிறகு சிறு மாவட்டங்களை இணைத்தார்கள். மாநிலத்தில் ஆயிரத்துக்கு மேல் இருந்தவை நூறுக்கு அருகே வந்தன. 22-ஆம் எண் மாவட்டம் அக்கம்பக்கத்து மாவட்டங்களோடு சேர்ந்து கிளாரெண்டன் 1-ஆம் எண் பள்ளி மாவட்டம் ஆயிற்று. ஸ்காட்ஸ் பிராஞ்சுக்குப் புதுக் கட்டடம் வந்தது. பியர்சன் கேட்ட பஸ்ஸும் கறுப்பினப் பிள்ளைகளுக்கு ஓடத் தொடங்கியது. பள்ளிகள் மட்டும் தனித்தனியாகவே இருந்தன. 1952-இல் மாநில மக்கள் வாக்களித்து, பொதுப் பள்ளிகளை நடத்தவேண்டும் என்ற கடமையையே அரசியல் சட்டத்திலிருந்து நீக்கினார்கள். இனம் கலந்து படிப்பதைவிடப் பள்ளியே இல்லாமல் போகட்டும் என்பதற்கு முன்னேற்பாடு அது.

1955 ஜூலையில் வழக்கு திரும்பக் கீழே வந்தபோது நீதிபதி பார்க்கர் ஒரு விளக்கம் எழுதினார்: அரசியல் சட்டம் பாகுபாட்டைத் தடுக்கிறது, சேர்ந்து படிக்கவேண்டும் என்று கட்டளையிடவில்லை. அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு தென் மாநிலங்கள் பத்து ஆண்டுக்கு மேல் ஓட்டின. சம்மர்டன் வழக்கில் வென்ற தீர்ப்பை முடக்கிய வாசகமும் சம்மர்டன் வழக்கிலேயே பிறந்தது.

1960-இல் இன்னொரு தலைமுறைப் பிள்ளைகள் பிரன்சன் என்ற பெயரில் புது வழக்குப் போட்டார்கள். ஒவ்வொருவரும் தனித்தனியாக வரவேண்டும் என்று கீழ் நீதிமன்றம் சொல்ல, 1962-இல் மேல்முறையீட்டில் அந்த உத்தரவு தள்ளப்பட்டது. வெள்ளையர் பள்ளிக்குள் முதல் கறுப்பின மாணவர்கள் ஒரு சிலர் காலெடுத்து வைத்தது 1965-இல். பஸ் கேட்டுப் பதினெட்டு ஆண்டு, தீர்ப்பு வந்து பதினோரு ஆண்டு. அதே 1965-இல் ஊரில் கிளாரெண்டன் ஹால் என்ற தனியார் பள்ளி தொடங்கியது. பிரன்சன் வழக்கு 1970-இல் முடிவுக்கு வந்து முழு இணைப்புக்கு உத்தரவு வந்தது. அப்போது மாவட்ட மாணவர்களில் பத்தில் ஒன்பது பேர் கறுப்பினத்தவர். உத்தரவைக் கண்டதும் வெள்ளை மாணவர்கள் அனேகமாக மொத்தமும் பொதுப் பள்ளியை விட்டுப் போய்விட்டார்கள். நான் எதிரே உட்கார்ந்திருந்த அந்தச் செங்கல் கட்டடம் பிறகு மாவட்ட அலுவலகமாக மாறியது.

குணா, நீங்கள் தேடிய தோல்வி இது என்றால் ஆம், இருக்கிறது. ஆனால் இந்தத் தோல்வியை மனுதாரர்களின் கணக்கில் எழுத என் கை வராது. கதவைத் திறக்கவேண்டும் என்று கேட்டார்கள். திறந்த அன்று உள்ளே இருந்தவர்கள் எழுந்து வெளியே போனார்கள்.

—

தாமரைக்குளம் எழுதியது | செவ்வாய், காலை 9:10

ஆசிரியர்கள் கதையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1956-இல் தென் கரோலினா ஒரு சட்டம் போட்டது: அரசுச் சம்பளம் வாங்குகிறவர் என்.ஏ.ஏ.சி.பி. உறுப்பினராக இருக்கக் கூடாது. மேரியன் ஏரியின் மறுகரையில் எலோரி என்ற சிற்றூர் இருக்கிறது. அங்கே கறுப்பினப் பள்ளி ஆசிரியர்களிடம் இதுபற்றி எழுத்தில் கேட்டார்கள். ஒரே பள்ளியில் 21 பேர், வேலை போனாலும் பரவாயில்லை, அவர்கள் கேட்ட பதிலை எழுதித் தரமாட்டோம் என்று இருந்துவிட்டார்கள். வேலை போயிற்று. சார்ல்ஸ்டனில் செப்டிமா கிளார்க் அம்மையாரை நீக்கியதும் இதே சட்டத்தின் பெயரால்தான். நாற்பது ஆண்டு பணி, ஓய்வூதியம் உட்பட எல்லாம் போனது. ஓர் ஆசிரியைக்கு அது என்னவென்று ஆசிரியைக்குத்தான் தெரியும்.

—

ஏரிக்கரை எழுதியது | செவ்வாய், பிற்பகல் 2:25

படித்துக்கொண்டே வருகிறேன், முதல்முறை எழுதுகிறேன். டிலெய்ன் என்ன ஆனார்? பள்ளி மாவட்டம் இப்போது எப்படி இருக்கிறது?

—

சட்டநூல் எழுதியது | செவ்வாய், மாலை 6:00

டிலெய்ன் 1950-லேயே லேக் சிட்டி என்ற ஊருக்கு மாற்றப்பட்டிருந்தார். 1955 அக்டோபரில் அங்கே அவருடைய தேவாலயத்துக்குத் தீ வைத்தார்கள். சில நாளில் இரவில் காரில் வந்து வீட்டை நோக்கிச் சுட்டார்கள். இந்த முறை அவர் திருப்பிச் சுட்டார், அடையாளம் தெரியட்டும் என்று காரைக் குறிவைத்து. அன்றிரவே ஊரை விட்டுக் கிளம்பி நியூயார்க் போய்ச் சேர்ந்தார். சுட வந்தவர்களை விட்டுவிட்டு அவர்மீது பிடியாணை பிறப்பித்தார்கள். நியூயார்க் மாநிலத்தின் பஃபலோ நகரில் புதிதாகத் திருச்சபை நிறுவினார். அதன் பெயரில் டிலெய்னோடு வேரிங்கின் பெயரும் உண்டு. வேரிங்கும் சொந்த ஊரில் ஒதுக்கி வைக்கப்பட்டு 1952-இல் நியூயார்க்கில் குடியேறியவர்தானே. முதுமையில் டிலெய்ன் தெற்கே திரும்ப ஆசைப்பட்டு, தென் கரோலினாவுக்குள் வர முடியாமல் எல்லையை ஒட்டி வட கரோலினாவின் ஷார்லட் நகரில் தங்கினார். 1974-இல் அங்கேயே காலமானார். பிடியாணையை ரத்து செய்தது 2000-இல்.

டிலெய்ன், பியர்சன், பிரிக்ஸ் தம்பதியர் ஆகியோருக்கு நாடாளுமன்றத்தின் தங்கப் பதக்கத்தை 2004-இல் வழங்கினார்கள். நால்வரும் அப்போது உயிரோடு இல்லை. 2015-இல் சார்ல்ஸ்டன் நீதிமன்ற வளாகத்துக்கு வேரிங்கின் பெயர் வந்தது.

நிதிச் சண்டையும் ஓயவில்லை. தென் கரோலினாவின் ஏழைக் கிராமப்புறப் பள்ளி மாவட்டங்கள் சேர்ந்து 1993-இல் மாநில அரசின்மீது வழக்குப் போட்டன. விசாரணை நடந்த நீதிமன்றம் எது தெரியுமா? கிளாரெண்டன் கவுண்டியின் தலைநகரான மானிங். நூறு நாளுக்கு மேல் நடந்தது. 2014-இல் மாநில உச்ச நீதிமன்றம் மாவட்டங்களின் பக்கம் தீர்ப்பளித்தது. 2017-இல் அதே நீதிமன்றம், இனி இதை மேற்பார்வையிடமாட்டோம் என்று வழக்கை முடித்துவிட்டது.

—

நெடுவழி எழுதியது | செவ்வாய், இரவு 10:40

ஏரிக்கரையின் இரண்டாவது கேள்விக்கு: 1-ஆம் எண் மாவட்டம் இன்று இல்லை. மாணவர் எண்ணிக்கை குறைந்துகொண்டே வந்ததால் 2021-இல் பக்கத்து மாவட்டத்தோடு இணைத்தார்கள், அடுத்த ஆண்டே கவுண்டி முழுவதும் ஒரே பள்ளி மாவட்டம் ஆயிற்று. பியர்சனை நீதிமன்றத்திலிருந்து துரத்திய 5, 22, 26 என்ற கோடுகள் எதுவும் இப்போது வரைபடத்தில் கிடையாது. 2022-இல் பிரவுன் வழக்கின் தேசிய வரலாற்றுப் பூங்காவை விரிவாக்கும் சட்டத்தில் சம்மர்டன் உயர்நிலைப் பள்ளியும் ஸ்காட்ஸ் பிராஞ்சும் சேர்க்கப்பட்டன.

மணிமொழி தனிமடலில் கேட்டிருந்தார், ஒன்பது மைல் என்றால் எவ்வளவு நேரம் ஆகும் என்று. சனிக்கிழமை திரும்பும்போது டேவிஸ் ஸ்டேஷன் பக்கம் போய்விட்டு அந்தச் சாலையில் சம்மர்டன் வந்தேன். காரில் கால் மணி நேரத்துக்குள் வந்துவிட்டது. சாலையோரத்தில் நடைபாதை கிடையாது, தார் முடியும் இடத்தில் புல்லும் பள்ளமும். மழை பெய்துகொண்டிருந்தது. பாதி வழியில் நிறுத்தி இறங்கி, மைல்கணக்கு பார்த்துக்கொண்டு ஒரு மைல் மட்டும் நடந்து பார்த்தேன். இருபத்து மூன்று நிமிடம் ஆயிற்று. ஒன்பது மைலுக்கு ஏறக்குறைய மூன்றரை மணி நேரம் வரும். எட்டரை மணிக்கு வகுப்பு என்று வைத்துக்கொண்டால் ஐந்து மணிக்கே வீட்டை விட்டுக் கிளம்பியிருக்க வேண்டும், இருட்டில், கையில் புத்தகங்களோடு. நான் நடந்த அந்த ஒரு மைலில் மூன்று வண்டிகள் என்னைத் தாண்டிப் போயின. மூன்றும் ஒதுங்கி, வேகத்தைக் குறைத்துத்தான் போயின. அப்படியும் காற்சட்டை முழங்கால்வரை சேறாகிவிட்டது.